ஓடுற வண்டியில கை வைக்கக் கூடாது

உக்காருங்க சார். நத்தம் பஸ்தான் இது. எடுக்க இன்னும் இருபது நிமிஷமாவது ஆகும். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காப்ல. வாட்சைப் பாக்காதீங்க. நான் இருபத்தி மூணு வருஷமா டிரைவர், அதனால சொல்றேன். டீக்கடையில நின்னு நிதானமா டீ குடிக்காத டிரைவரை நம்பி வண்டியில ஏறக் கூடாது.

இப்பவும் டிரைவர்தான். நத்தத்துல ஒரு புளி குடோன்ல ஓட்டுறேன். அது அவங்க வண்டி. சொந்த வண்டி இல்லையான்னு கேட்டீங்கன்னா, இருக்கு. பிக்கப் வண்டி. ஆர்.சி. புக்குல சன்னாசின்னு என் பேருதான் போட்டிருக்கு. ஆனா நான் பஸ்ல போறேன். என் வண்டியில என் சம்சாரம் போகுது.

சிரிக்காதீங்க சார். திண்டுக்கல்லே சிரிச்சு முடிச்சிருச்சு, நீங்க வெளியூரு, உங்களாவது நியாயம் சொல்லுவீங்கன்னு நினைச்சேன். கேட்டுட்டுச் சொல்லுங்க.

போன பங்குனி மாசம் ஒட்டன்சத்திரத்துல ஒரு புரோக்கர் மூலமா அந்த வண்டியைப் பாத்தோம். தக்காளி லோடு அடிச்ச வண்டி. மீட்டர்ல ரெண்டு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர். எனக்கு அதுதான் பிடிச்சிருந்துச்சு. இவ்வளவு ஓடியிருக்குன்னா ஓடுற வண்டின்னுதானே அர்த்தம்? ஓடாத வண்டி எப்படி இவ்வளவு ஓடும்? இதை நான் சொன்னதும் புரோக்கர் என் கையைப் பிடிச்சுக் குலுக்குனாப்ல. "அண்ணே, உங்களை மாதிரி வெவரமான பார்ட்டி எனக்கு இதுவரைக்கும் அமைஞ்சதே இல்ல"ன்னாப்ல. அனுபவத்துக்கு மரியாதை தெரிஞ்ச ஆளு.

இந்திராணியைக் கூட்டிட்டுப் போனதுதான் நான் செஞ்ச தப்பு. கூட்டிட்டுப் போகாமயும் இருக்க முடியாது. வண்டி வாங்குன பணத்துல பெரும்பகுதி அவ மில்லுல இருந்து வாங்குன பணம்னு வைங்க. அது இப்பப் பேச்சு இல்ல.

இந்திராணி பதினாலு வருஷம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல வேலை பாத்தா. மெயின்டனன்ஸ் செக்சன். அங்க ஒவ்வொரு மெசினுக்குப் பக்கத்துலயும் ஒரு கார்டு தொங்குமாம். என்னைக்கு எண்ணெய் விடணும், என்னைக்கு பெல்ட் மாத்தணும், என்னைக்கு பேரிங் பாக்கணும், எல்லாம் அதுல இருக்கும். பாத்த ஆளு கையெழுத்துப் போடணும். மெசின் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், அதை நிறுத்தி வச்சுப் பாப்பாங்களாம். ரிப்பேர் ஆகுறதுக்கு முன்னாடியே ரிப்பேர் பாக்குறது. காய்ச்சல் வர்றதுக்கு முந்தியே ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கிற மாதிரி. பதினாலு வருஷம் இந்தப் படிப்புதான் அவளுக்கு.

புரோக்கர்கிட்ட கேட்டா, "டைமிங் பெல்ட் கடைசியா எப்ப மாத்துனது?"

அந்த ஆளு என்னைப் பாத்தாப்ல. நான் வானத்தைப் பாத்தேன்.

"மாத்தியிருப்பாங்கக்கா."

"யாரு?"

"முந்துன ஓனர்தான்."

"எழுதி வச்சிருக்காங்களா?"

"அதெல்லாம் யாருக்கா எழுதுறா?"

"எழுதலைன்னா மாத்தலைன்னுதான் அர்த்தம்"னா. அப்படியே குனிஞ்சு டயரைத் தடவிப் பாத்தா. டயர்ல ஓரமா நாலு நம்பர் இருக்குமாம், அது டயர் பொறந்த தேதியாம். "இதுக்கு ஒம்பது வயசு ஆகுது"ன்னா. கல்யாணத்துக்கு முன்னாடி என் ஜாதகத்தைக் கூட அவ இப்படிப் பாக்கல.

வண்டியை வாங்கிட்டோம். நான் என்ன நினைச்சிருந்தேன்னா, அபிராமி அம்மன் கோயில் முன்னாடி நிறுத்தி பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுநாள் காலையில சிறுமலையில வாழைத்தாரு ஏத்திடணும்னு. சிறுமலை தெரியுமா சார்? இந்தா, இந்த ரோட்டுலதான் போகணும். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. மேல வாழை, பலா, எலுமிச்சை, காப்பி எல்லாம் உண்டு. காட்டுக்குள்ள இருந்து குதிரையில சுமந்துட்டு வந்து ரோட்டுல போடுவாங்க. அங்கிருந்து பிக்கப்ல ஏத்தி திண்டுக்கல் மார்க்கெட்டு. ஜெகநாதன்னு ஒரு தோட்டக்காரர், இருபது வருஷப் பழக்கம், "சன்னாசி, நீ சொந்த வண்டி வாங்கு, என் லோடு முச்சூடும் உனக்குத்தான்"னு சொல்லி வச்சிருந்தாரு.

பூசை முடிஞ்சுது. கோயில் வாசல்ல இருந்து வண்டி நேரா போச்சு. எங்க? பழனி ரோட்டுல சவரிமுத்து ஒர்க்‌ஷாப்புக்கு. இந்திராணி முன்னாடியே சொல்லி வச்சிருக்கா.

சவரிமுத்து நல்ல பையன், வேலை தெரிஞ்சவன். ஆனா அவன்கிட்ட ஒரு பொம்பளை வந்து பின் ஆக்சில்ல இருக்கிற கிரவுன் ஆயிலை இறக்கிப் பாருன்னு சொன்னா அவன் ஏன் வேண்டாங்கப் போறான்? இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், எல்லாத்தையும் இறக்குனாங்க. வாட்டர் பம்பைக் கழட்டுனாங்க. வீலைக் கழட்டி பேரிங்கைக் கழுவி கிரீஸ் வச்சாங்க. ஹேண்ட் பிரேக் வயர் நல்லாத்தான் இருந்துச்சு, இழுத்துப் பாத்துட்டு, "தம்பி, இது நீண்டு போயிருக்கு, மாத்திடு"ன்னா. நாலு டயர். ஓடி வந்த வண்டி சார் அது. ஒட்டன்சத்திரத்துல இருந்து நானே ஓட்டிட்டு வந்தேன், ஒரு சத்தம் கிடையாது. அதைக் கொண்டு போய் ஆபரேசன் தியேட்டர்ல படுக்க வச்ச மாதிரி வயித்தைத் திறந்து போட்டாங்க.

ஓடுற வண்டியில கை வைக்கக் கூடாதுன்னு எங்க டிரைவருங்க மத்தியில ஒரு பேச்சு உண்டு. சவரிமுத்துகிட்ட சொன்னேன். அவன் பழைய டைமிங் பெல்ட்டை எடுத்துட்டு வந்து என் முன்னாடி பின்பக்கமா வளைச்சுக் காட்டுனான். காஞ்ச கம்மாய் மாதிரி பூரா விரிசல். ரெண்டு இடத்துல பல்லே இல்ல.

"இது எந்நேரமும் அந்து போயிருக்கும்ணே"ன்னான்.

"அந்து போகலையே"ன்னேன்.

பதினொரு நாள் சார். பதினொரு நாள் வண்டி அங்க கிடந்துச்சு. பேருந்து நிலையத்துப் பக்கம் டீக்கடைக்குப் போனா, "என்ன சன்னாசி, தாயும் சேயும் நலமா?"ங்கிறான் ஒருத்தன். "வண்டி வளைகாப்பு என்னைக்கு?"ங்கிறான் இன்னொருத்தன். இவனுங்க கூடத்தான் நான் இருபத்தி மூணு வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன். அவமானம் தாங்காம அந்தக் கடையில டீ குடிக்கிறதையே நிறுத்திட்டேன். இப்ப நல்லதாப் போச்சு, அந்த டீ நல்லா இருக்காது.

வீட்டுல என்னடான்னா அவ ஒரு அட்டையை எடுத்துக் கோடு போட்டுக்கிட்டு இருக்கா. மில்லுல இருந்த மாதிரியே ஒரு கார்டு. தேதி, ஆயில், தண்ணி, பிரேக், டயர் காத்து, கடைசியில பாத்தவர் கையெழுத்து. தினமும் வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பாத்துட்டு நான் கையெழுத்துப் போடணுமாம். "ஏன்டி, நான் டிரைவரா, இல்ல உன் மில்லுல ஹெல்ப்பரா?"ன்னு கேட்டேன். "பாக்காம எடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்"னு கையைக் காட்டுனா.

அது ஒரு விஷயம் சார். அவளுக்கு இடது கையில மோதிர விரல் பாதிதான் இருக்கும். மில்லுல ஒரு மெசின்ல கார்டு உடைஞ்சு, கை உள்ள போயிருச்சு. நான் சொல்றது அந்த அட்டைக் கார்டு இல்ல, பெல்ட்டு மேல மூடி மாதிரி ஒரு கம்பி வலை இருக்கும்ல, அதுவும் கார்டுதான். அதைப் பாத்துட்டேன், நல்லா இருக்குன்னு எவனோ கையெழுத்துப் போட்டிருக்கான். பாக்கவே இல்ல. அதுக்கப்புறம்தான் அவ வேலையை விட்டது. பாவம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா பாதி விரலுக்காக ஒருத்தி முழு வண்டியையும் கழட்டிப் போடுவாளா?

டிரைவர் பஸ்ஸை எடுத்துட்டாப்ல பாருங்க. டிக்கெட் வாங்கிக்கங்க சார். கண்டக்டர் தம்பி, எனக்கு சிறுமலைப் பிரிவு ஒண்ணு குடுப்பா. ஆமா சார், நத்தம்தான் போறேன், அதுக்கு அப்புறம் வேற பஸ். அதை விடுங்க.

எங்க விட்டேன்? பதினோராவது நாள். அது சனிக்கிழமை. எல்லா வேலையும் முடிஞ்சு போச்சு, பிரேக்கு மட்டும் பாக்கி. பிரேக் ஆயில் போற ரப்பர் ஹோசு நாலும் பழசா இருக்கு, மதுரையில இருந்து வரணும், திங்கக்கிழமை மாத்திட்டு எடுத்துக்கலாம்னு சவரிமுத்து சொன்னான். அன்னைக்கு சாயங்காலம் ஜெகநாதன் போன் பண்றாரு. "சன்னாசி, சித்திரைத் திருவிழா நேரம். தாரு வெட்டிக் கிடக்கு, பலா வெடிச்சுக்கிட்டு இருக்கு. நாளைக்கு வருவியா, நான் வேற வண்டி பாத்துக்கவா?"

நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? ஹோசு வரலைங்கன்னு சொல்லுவீங்களா? இருபது வருஷப் பழக்கம். வர்றேன்னு சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில சவரிமுத்து குடும்பத்தோட சர்ச்சுல பூசைக்குப் போயிருவான். சாவி ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு என்கிட்ட. பட்டறையில வேலி கூடக் கிடையாது. விடியக்காலம் போய் எடுத்தேன். என் வண்டியை நான் எடுத்தேன் சார், திருட்டு இல்ல. பிரேக்கை மிதிச்சுப் பாத்தேன், பிடிச்சுது. வேற என்ன பாக்கணும்? வண்டி சும்மா வெண்ணெய் மாதிரி ஏறுச்சு மலை மேல. அந்தப் பதினொரு நாள் வேலையினாலன்னு நினைக்காதீங்க. இன்ஜின் அடிப்படையிலேயே நல்ல இன்ஜின்.

இந்திராணி ஏழு தடவை போன் பண்ணியிருக்கா. நான் எடுக்கல. வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது, சட்டம். நிறுத்துனதுக்கு அப்புறமும் எடுக்கல, அது வேற.

மேல புதூர்ல லோடு ஏத்தி முடிச்சோம். தாரு கீழ, பலாப்பழம் மேல. கயிறு கட்டிக்கிட்டு இருக்கேன், மலை பஸ் வந்து நிக்குது, இறங்குறா. கையில ஒரு சாக்குப் பை. பூசையில இருந்த சவரிமுத்துவைப் போன்ல கூப்பிட்டுக் கேட்டுட்டு, பஸ் பிடிச்சு வந்திருக்கா. சண்டை போடுவான்னு பாத்தேன். போடல. அதுதான் சார் அவகிட்ட பிரச்சனை, சண்டை போட்டா நாமளும் திருப்பிப் போடலாம்.

"சாவியைக் குடுங்க."

"லோடு ஏத்தியாச்சு இந்திராணி."

"இறக்குங்க. திங்கக்கிழமை எடுத்துக்கலாம்."

"ஜெகநாதன் பாக்குறாரு. மானத்தை வாங்காத."

அவ நேரா ஜெகநாதன்கிட்ட போயிட்டா. "அண்ணே, இந்த வண்டியில பிரேக் வேலை இன்னும் முடியல. பலாவை இறக்கி வைங்க. தாரை மட்டும் கொண்டு போறோம். நாளைக்குச் சாயங்காலம் வந்து மிச்சத்தை எடுத்துக்கிறோம்." அந்த மனுஷன் என்னைப் பாக்காம குதிரைச் சேணத்தைச் சரி பண்ணிக்கிட்டே, "இதை நேத்தே சொல்லியிருந்தா நான் ஏத்தவே சொல்லியிருக்க மாட்டேனே தாயி"ங்கிறாரு. எப்படி மாறிட்டாரு பாருங்க. இருபது வருஷப் பழக்கம்.

பலாவை இறக்குனோம். "நீ பஸ்ல வா"ன்னேன். அவ கதவைத் திறந்து ஏறி உக்காந்துக்கிட்டா. "தனியா விட்டா மூணாவது கியர் போடுவீங்க"ன்னா.

அந்த மலையில எனக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும் சார், கண்ணை மூடிக்கிட்டு இறக்குவேன். அன்னைக்கு ரெண்டாவது கியர்ல, மாட்டு வண்டி மாதிரி. மூணு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்லுவா. இறங்கிப் போய் ஒவ்வொரு வீலுக்கும் பக்கத்துல கையை வச்சு சூடு பாப்பா, பிள்ளைக்குக் காய்ச்சல் பாக்குற மாதிரி. மோந்து வேற பாப்பா. பின்னாடி பைக்குல வர்றவனுங்க எல்லாம் "என்னண்ணே, வாந்தியா?"ன்னு கேட்டுட்டுப் போறானுங்க.

ஒம்பதாவது வளைவுல பிரேக் மிதி கொஞ்சம் அமுங்குச்சு. சொல்லல. சொல்ற விஷயமா அது? மறுபடி ஒரு மிதி மிதிச்சா ஏறிக்கும்.

"ரெண்டு தடவை மிதிக்கிறீங்க"ன்னா.

"பழக்கம்."

"மேல வரும்போது அந்தப் பழக்கம் இல்ல. முதல் கியர் போடுங்க."

இன்ஜின் கத்தும்டின்னேன். கத்தட்டும்னா. போட்டேன். கத்துச்சு. காது கிழியுற மாதிரி கத்திக்கிட்டே வண்டி நகருது. இன்னும் அஞ்சு வளைவு இருக்கு. திரும்புறேன், எதுக்க மினி பஸ் ஒண்ணு ஏறி வருது. ஞாயித்துக்கிழமை, கூட்டம், படியில ரெண்டு பேரு தொங்குறான். நான் மிதிச்சேன். மிதி அப்படியே தரையில போய் உக்காந்துருச்சு. சும்மா காத்து சார், கீழ ஒண்ணுமே இல்ல.

அந்த நேரத்துல ஒரு டிரைவருக்கு மூளை எப்படி வேலை செய்யணும் தெரியுமா? வலது பக்கம் பஸ்ஸு, அதுக்கு அப்புறம் பள்ளம். இடது பக்கம் பாறை. நான் இடது பக்கம் ஒடிச்சேன். அவ ரெண்டு கையாலயும் ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு, சீட்டை விட்டு எந்திரிச்சு இழுத்தா. ஒம்பதரை விரலால. வண்டி பாறையில ஒரு இழுப்பு இழுத்து, கண்ணாடி நொறுங்கி, கல்லுல முட்டுக் குடுத்த மாதிரி நின்னுச்சு. மினி பஸ்ஸு எங்க பக்கத்துல ஒரு சாண் இடைவெளியில உரசாம ஏறிப் போச்சு. ஜன்னல்ல ஒரு பிள்ளை வாழைப்பழம் தின்னுக்கிட்டே எங்களைப் பாத்துட்டுப் போச்சு.

இன்ஜினை அணைச்சதும் என்னா ஒரு அமைதி.

அவ கதவு பாறையில ஒட்டிக்கிட்டதால என் பக்கமா தாண்டி இறங்குனா. அந்தச் சாக்குப் பையில டயருக்கு அண்டை குடுக்குற கட்டை ரெண்டு கொண்டு வந்திருந்தா, அதை முன்னாடி வீலுக்கு வச்சா. காலால ஒரு உதை உதைச்சு நல்லா இறுக்குனா. அப்புறம் வீலுக்குப் பக்கத்துலயே ரோட்டுல உக்காந்துட்டா. கட்டையை விட்டுக் கையை எடுக்கல. பொம்பளைங்கன்னா பயம் இருக்கத்தான் செய்யும் சார், நான் குறை சொல்லல. நானும் துண்டை இழுத்துப் போத்திக்கிட்டேன், அது மலைக் குளிருக்கு. சித்திரை வெயில்தான். ஆனா நிழல்ல குளிரும்.

"பாத்தியா, எப்படி நிறுத்துனேன்"னேன்.

என்னை நிமிந்து பாத்தா. "நிறுத்துனீங்க"ன்னா. அவளே ஒத்துக்கிட்டா.

மத்தியானம் சவரிமுத்து பைக்குல வந்தான், பூசைக்குப் போன வெள்ளைச் சட்டையோட. கீழ படுத்துப் பாத்துட்டு ஒரு ஹோசை அறுத்துக் கொண்டு வந்து காட்டுனான். வெடிச்சு வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு. பேசாம இருந்திருக்கலாம்ல? "அண்ணே, அந்தப் பழைய பெல்ட்டோட முதல் கியர்ல இப்படிக் கத்த விட்டிருந்தீங்கன்னா பெல்ட்டும் அந்து போயிருக்கும், இன்ஜினும் போயிருக்கும். பழைய ஹேண்ட் பிரேக் வயரா இருந்தா அக்கா இழுத்த இழுப்புக்குக் கையோட வந்திருக்கும்"ங்கிறான். மெக்கானிக்குன்னா அப்படித்தான் சார் பேசுவாங்க, பாத்த வேலைக்கு நியாயம் சொல்லணும்ல. ஸ்டியரிங் பிடிச்சவன் நான். அதைப் பத்தி அவன் ஒரு வார்த்தை சொல்லணுமே.

சரி, அதோட முடிஞ்சிருந்தா நான் இப்ப பஸ்ல வர மாட்டேன். ஹோசு மாத்தி, பிரேக் ஆயில் புதுசு ஊத்தி, கண்ணாடி போட்டு, வண்டி வீட்டுக்கு வந்துருச்சு. நானும் ஓட்ட ஆரம்பிச்சேன். கார்டும் வந்துருச்சு, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஆணி அடிச்சுத் தொங்க விட்டுட்டா. சண்டை எதுக்குன்னு நானும் ஒரு பத்து நாள் ஒழுங்கா பானெட்டைத் தூக்கிப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு தடவை கூட ஆயில் குறையல, தண்ணி குறையல. தினமும் பாக்குறேன், தினமும் அப்படியே இருக்கு. அப்ப பாக்குறதுக்கு என்ன அர்த்தம் இருக்கு, நீங்களே சொல்லுங்க.

ஒரு நாள் மார்க்கெட்டுல லோடு இறக்க நேரமாச்சு. சும்மாதானே உக்காந்திருக்கேன்னு கார்டை எடுத்தேன். தேதி பதினொண்ணு. பன்னெண்டுல இருந்து முப்பது வரைக்கும் எல்லாக் கட்டத்துலயும் கையெழுத்தைப் போட்டு முடிச்சிட்டேன். எவ்வளவு நேரம் மிச்சம்.

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி கார்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா.

"இன்னைக்கு என்ன தேதி?"

"பதினொண்ணு."

"முப்பது வரைக்கும் போட்டிருக்கீங்க."

"நீதான எதையும் முன்கூட்டியே செய்யணும்னு சொல்லுவ?"

நான் வேடிக்கைக்குத்தான் சார் சொன்னேன். நல்ல பதில்தானே? சிரிக்கல. அப்புறம் மெதுவாச் சொன்னா, "மில்லுல அந்த ஆளும் இப்படித்தான் மாசம் முழுசுக்கும் சேத்துப் போட்டு வச்சிருந்தான்."

அந்த ஆளு எவன்னு எனக்குத் தெரியுமா? நான் சாப்பிட உக்காந்துட்டேன். ரசம் நல்லா இருந்துச்சு. கை கழுவிட்டு வந்து பாத்தா சுவத்து ஆணியில சாவி இல்ல. என்கிட்ட இருந்த ரெண்டாவது சாவியையும் சட்டைப் பையில இருந்து எடுத்துட்டா.

திட்டல, அழுகல. மறுநாள் காலையில எனக்கு முன்னாடி கிளம்பி டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிட்டா. "கோபம், ரெண்டு நாள்ல வந்துருவா"ன்னு நினைச்சேன். ரெண்டு மாசம் போனா. எட்டுப் போட்டா, முதல் தடவையே லைசென்ஸ் குடுத்துட்டாங்க. பொம்பளைன்னு இரக்கப்பட்டுக் குடுத்திருப்பாங்க. எனக்கெல்லாம் மூணாவது தடவைதான் குடுத்தாங்க, அப்ப ரொம்ப ஸ்ட்ரிக்டு. அதுக்கப்புறம் சவரிமுத்துவைப் பக்கத்துல உக்கார வச்சு ஒரு மாசம் மலையில ஏறி இறங்கிப் பழகுனா. என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டா நான் என்ன, மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்ல?

ஆடியில இருந்து அவதான் ஓட்டுறா. ஜெகநாதன் லோடு முச்சூடும் அவளுக்குத்தான் தர்றாரு. "இந்திராணி வண்டி சொன்ன நேரத்துக்கு வரும்"னு மார்க்கெட்டுல ஒரு பேச்சு வேற. இந்திராணி வண்டியாம். ஆர்.சி. புக்குல யாரு பேரு இருக்கு?

நான் எடுக்கக் கூடாதுன்னு அவ ஒண்ணும் சொல்லல, அதையும் சொல்லிடுறேன். "பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு எடுங்க, யாரு வேண்டாம்னா?"ங்கிறா. இருபத்தி மூணு வருஷ டிரைவர், பொண்டாட்டி கார்டுல கையெழுத்துப் போட்டுட்டு வண்டி எடுக்கணும். அதுக்கு பஸ்ல போறது மேல். புளி குடோன்ல யாரும் எதையும் கேக்குறதில்ல. அந்த வண்டி எப்ப ஆயில் மாத்துனதுன்னு முதலாளிக்கே தெரியாது. ஒரு பக்கமா இழுக்குது, பிரேக் மிதிச்சா கீச்சுங்குது. நிம்மதியா இருக்கு.

இல்ல சார், எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை எல்லாம் இருக்கு. சாப்பாடு போடுவா, சாப்பிடுவேன். மூணு மணிக்கு எந்திரிச்சு எனக்கும் சேத்து டீ வைப்பா. அவ பானெட்டைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாக்கும்போது நானும் வாசல்ல நிப்பேன், பல்லு விளக்கிக்கிட்டு. ஒரு நாள் தண்ணி டேங்க் மூடியைச் சரியாத் திருகலையோன்னு எனக்குத் தோணுச்சு. அவ உள்ள போனதும் போய் ஒரு திருகு திருகிட்டு வந்தேன். நல்லாத்தான் திருகியிருந்தா. மீட்டர் மூணு லட்சத்தைத் தொடப் போகுது. சும்மா எட்டிப் பாத்தேன்.

இந்தா, மலை தெரியுது பாருங்க. மேகம் எப்படி இறங்கிக் கிடக்கு. ஐப்பசி மழை, ரோடெல்லாம் பாசி. இந்த நேரத்துல லோடோட இறங்குறது எனக்கே யோசனைதான்.

நான் இங்கதான் இறங்கணும். அப்பவே கேட்டீங்கள்ல, நத்தம் போறவன் ஏன் பிரிவுல இறங்குறேன்னு. ஒண்ணும் இல்ல சார். இங்க ஒரு டீக்கடை இருக்கு, டீ நல்லா இருக்கும். எட்டே முக்காலுக்கு அவ கீழ இறங்குவா. வண்டி எந்தக் கியர்ல வருது, பிரேக்குல சத்தம் எதுவும் வருதான்னு காதுல விழுந்தா எனக்குப் போதும். என் வண்டியில்ல, நான்தானே பாக்கணும்? வண்டியை நம்பலாம், ஓட்டுறவளை எப்படி நம்புறது? அது கடந்து போனதும் நான் அடுத்த பஸ் பிடிச்சுருவேன். மழை நாள்ல சில சமயம் ஒம்பதரை ஆகிரும். குடோன்ல திட்டுவாங்க, திட்டட்டும்.

அவளுக்கா? தெரியாது சார். நான் கடைக்கு உள்ள, பாய்லருக்குப் பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்குவேன். ரோட்டுல இருந்து பாத்தா ஆளே தெரியாது. ஆனா ஒண்ணு, மலையில அத்தனை வளைவுலயும் அளவாத்தான் ஹார்ன் அடிப்பா, இங்க ரோடு நேரா இருக்கு, ஆளும் கிடையாது, இந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் தினமும் ரெண்டு தடவை அடிச்சிட்டுப் போவா. மாடு கீடு குறுக்க வரும்போல. வரட்டுங்களா சார்?